ஐந்தாவது நுரையீரல்

கிள்ளானில் இருக்கும் பாயு சுச்சி ஸ்பெஷலிஸ்ட் மருத்துவமனைக்கு அப்போது நான்கு நுரையீரல்கள் இருந்தன. சாதாரண மனிதர்கள் இரண்டை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். மருத்துவமனைக்கு அது போதாது. ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பதுபோல, புகையற்ற வளாகங்களுக்கு நுரையீரல் கொடுப்பதற்கென்றே ஒரு தரச்சான்று வாரியம் இருந்தது. வாங்கிய நுரையீரல்களைக் கட்டடத்தின் உச்சியில் பச்சை விளக்குப் போட்டு எரியவிடலாம்; அதிகபட்சம் ஐந்து. ஹைவேக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டி மருத்துவமனை ஏற்கனவே ஐந்தையும் எரியவிட்டிருந்தது. பாயு சுச்சியின் இயக்குநர், டத்தோ பட்டம் பெற்ற டாக்டர் சுகுமாறனின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் அது நன்றாகவே தெரியும்.

நான்கு நுரையீரல் வாங்குவதற்கே அவர்கள் படாத பாடு பட்டிருந்தார்கள். வளாகத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டார்கள். வாசலில் காவல் நிற்கும் ஜாகாக்களுக்குக் காற்றுக் காவலர் என்று பெயர் மாற்றிப் பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். கேண்டீனில் ரொட்டி சானாய் சுடும் கல் புகைகிறது என்று அதை அகற்றினார்கள். இடியப்பத்துக்கு அனுமதி உண்டு. ஆனால் அதிலிருந்து எழும் ஆவி புகையா, ஆவியா என்று ஆராய்வதற்கு ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டிருந்ததால், தீர்ப்பு வரும்வரை இடியப்பத்தை ஆறவைத்தே விற்றார்கள். பிரார்த்தனை அறையில் பேட்டரியில் எரியும் ஊதுபத்திகள் வைக்கப்பட்டன. காலையில் ஒலிபெருக்கி நான்கு மொழிகளில் ‘புகையற்ற காலை வணக்கம்’ சொன்னது. மயக்கம் தெளியாத நோயாளிகளுக்கும் சொன்னது.

இதெல்லாம் இக்னேஷியஸுக்குத் தெரியாது. அவர் சுங்கை வேயில் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த, அதிர்ந்து பேசாத மனிதர். மனைவி சாந்தமேரிக்குக் கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. அவள் வேலை செய்யும் எலெக்ட்ரானிக் கம்பெனியின் மருத்துவ அட்டை இந்த மருத்துவமனையில்தான் செல்லும் என்பதால் கிள்ளானுக்கு வந்தார்கள். மறுநாள் காலை ஆபரேஷன். கட்டி எப்படிப்பட்டது என்பதை எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று சர்ஜன் முகுந்தன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 

“ஏங்க,” என்றாள் சாந்தமேரி, அவர் போனதும். “நாளைக்கு என்னை உள்ள தள்ளிட்டுப் போறப்போ நீங்க கதவுகிட்ட நிக்கணும்.”

“நிக்கிறேன் மேரி.”

“யாராச்சும் ஃபோன் பண்ணாங்கன்னு எங்கயாவது போயிடக் கூடாது.”

“எங்க போகப் போறேன்? இங்கதான் இருப்பேன்.”

அவளுக்குச் சூடாக, பால் இல்லாமல் ஒரு தே ஓ வாங்கி வரத்தான் அவர் கீழே இறங்கினார். கேண்டீனுக்குப் போகும் வழியில் சின்னதாக ஒரு தோட்டம். அங்கே சக்கர நாற்காலியில், காலில் பெரிய கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் கனி அவர். இக்னேஷியஸைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தார்.

“அண்ணே, இதைக் கொஞ்சம் பிடிங்க. செருப்பு கழண்டுருச்சு.”

உதவி என்று யார் கேட்டாலும் கை நீட்டிவிடுவது இக்னேஷியஸின் பழக்கம். கைக்கு வந்தபிறகுதான் அது பற்றவைக்காத ஒரு சிகரெட் என்று தெரிந்தது. நிமிர்ந்தால் அப்துல் கனியைக் காணோம். அவர் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் போய், பிறந்ததிலிருந்து மீன்களைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லாதவர்போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் சத்தம் கேட்டது. பச்சைத் தொப்பி போட்ட விஜயன் என்ற காற்றுக் காவலன் ஓடி வந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. வெகுநாள் காத்திருந்தவனுக்குக் குழந்தை பிறந்ததுபோல இருந்தான்.

“ஒண்ணு கெடைச்சிருச்சு! ஓவர்!” என்று வாக்கி-டாக்கியில் கத்தினான்.

“தம்பி, இது என்னோடது இல்ல. பத்தக்கூட வைக்கலையே.”

“அதான் அங்கிள் விசேஷமே. பத்த வைக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சிட்டோம்.”

மற்ற காவலர்கள் வந்து விஜயனுக்குக் கை கொடுத்தார்கள். இக்னேஷியஸை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒருவன் அவருக்கும் கை கொடுத்தான். இந்த மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது. ஐந்தாவது நுரையீரலுக்கு வாரியம் வைத்த நிபந்தனை, வளாகத்துக்குள் புகைப்பவர் ஒருவரையாவது கண்டுபிடித்து, அவரைத் திருத்திக் காட்ட வேண்டும் என்பது. ஆனால் சிவப்புக் கோடு போட்டதிலிருந்து வளாகத்துக்குள் யாருமே புகைக்கவில்லை. கொள்கை அப்படியொரு வெற்றி. அந்த வெற்றியால் மருத்துவமனை முழுவதும் கவலையில் ஆழ்ந்திருந்தது. தணிக்கைக் குழு அடுத்த வாரம் வருவதாக இருந்தது.

சிகரெட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, இக்னேஷியஸை இரண்டாம் மாடியில் இருந்த, புகைப்பழக்கத்தை விடவைக்கும் ‘புகைவிடு’ கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஜானிஸ் என்ற ஆலோசகர் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இதுவரை நோயாளி என்று ஒருவர்கூட வராததால் நாற்காலியின் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் பிரித்திருக்கவில்லை.

“உட்காருங்க அங்கிள். பயப்படாதீங்க. எவ்வளவு நாளா புகைக்கிறீங்க?”

“நான் புகைக்கிறது இல்லம்மா.”

ஜானிஸ் பரிவோடு தலையை ஆட்டினாள். “மறுப்பு நிலை. எல்லாரும் இதுலதான் ஆரம்பிப்பாங்க.”

“மறுப்பெல்லாம் இல்ல. முன்னாடி பிடிச்சேன். நிறையவே பிடிச்சேன். விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு.”

“எந்த ப்ரோக்ராம்ல விட்டீங்க?”

“ப்ரோக்ராமா? என் வீட்டுக்காரி, உங்க இருமலைக் கேட்டுக்கிட்டு இனிமே தூங்க முடியாதுன்னு சொன்னா. விட்டுட்டேன். ஆறு மாசம் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. பஸ் ஓட்டறப்போ வாயில புளிப்பு மிட்டாய் மாதிரி அசாம் பாய் போட்டு மென்னுக்கிட்டே இருப்பேன்.”

ஜானிஸ் கம்ப்யூட்டரில் மேலும் கீழுமாகத் தேடினாள். அசாம் பாய் என்று எங்கேயும் இல்லை.

“சாரி அங்கிள். மேற்பார்வை இல்லாம விட்டா அது விட்டதா கணக்கில்ல. சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் நீங்க இன்னும் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்க.”

“சரிம்மா, அப்படியே இருக்கட்டும். நான் மேல போறேன். என் வீட்டுக்காரிக்குத் தே ஓ வாங்கணும்.”

அப்போதுதான் விஜயன், விதியை மீறியவர்களின் வருகையாளர் பாஸ் தானாகவே முடக்கப்பட்டுவிடும் என்பதை மரியாதையாகத் தெரிவித்தான். பாஸ் இல்லாமல் லிஃப்ட் திறக்காது. புகைப்பதை ஒப்புக்கொண்டு சிகிச்சையில் சேர்ந்தால் உடனே திறக்கும்.

இக்னேஷியஸ் கொஞ்ச நேரம் லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாடியில் சாந்தமேரி தனியாகப் படுத்திருந்தாள்.

“சரி,” என்றார். “பிடிக்கிறேன்.”

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“நீங்களே ஒண்ணு போட்டுக்குங்க.”

ஜானிஸ் இருபது போட்டாள். பிறகு ஒரு சின்னக் கருவியை நீட்டி ஊதச் சொன்னாள். புகைப்பவர்களின் மூச்சில் தங்கும் விஷவாயுவை அது அளந்து சொல்லும். இக்னேஷியஸ் பலமாக ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. இன்னொரு முறை ஊதினார். அப்போதும் பூஜ்யம்.

ஜானிஸின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ அங்கிள், ரொம்ப சுத்தமா இருக்கீங்களே,” என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல இக்னேஷியஸ் மன்னிப்புக் கேட்டார்.

சாயங்காலம் டத்தோ சுகுமாறனின் அறைக்கு இக்னேஷியஸ் அழைக்கப்பட்டார். டத்தோ எழுந்து நின்று வரவேற்றார். தேநீர் கொடுத்தார். அது ஆறியிருந்தது.

“மிஸ்டர் இக்னேஷியஸ், பாயு சுச்சியில நோயாளிதான் எங்களுக்கு முக்கியம். அதுல சந்தேகமே வேணாம். ஆனா நோயாளி இன்னிக்கு வருவார், நாளைக்குப் போயிடுவார். தரச்சான்று மூணு வருஷம் நிக்கும்.”

“சரிங்க டத்தோ.”

“உங்க அளவு பூஜ்யம்னு ஜானிஸ் சொன்னாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு. பூஜ்யத்துலேர்ந்து பூஜ்யத்துக்கு இறங்கினா அதுக்குப் பேர் முன்னேற்றமா? தணிக்கைக் குழு ஒரு மேட்டைப் பார்க்கணும், அப்புறம் ஒரு பள்ளத்தைப் பார்க்கணும். பள்ளம் உங்ககிட்ட இருக்கு. மேடு இல்ல.”

“அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?”

டத்தோ குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க புகைக்கணும்னு இந்த மருத்துவமனை ஒருநாளும் சொல்லாது. நீங்க புகைச்சிருக்கணும்னுதான் நாங்க எதிர்பார்க்கிறோம்.”

இக்னேஷியஸ் மாட்டேன் என்றார். பதினோரு வருஷம் என்றார். டத்தோ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர்களின் பாஸ் மறுபடியும் முடங்கிவிடுவதைத் தன்னால்கூடத் தடுக்க முடியாது, அது கம்ப்யூட்டர் செய்வது என்றார். நாளை ஆபரேஷன் மாடிக்குப் போகக்கூட அந்தப் பாஸ்தான் வேண்டும் என்றும் நினைவூட்டினார்.

“காலையில சீக்கிரமா முடிச்சிடலாம் லா,” என்று டத்தோ தோளில் தட்டினார். “உங்க வைஃபை உள்ள கொண்டு போறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடுவீங்க.”

மறுநாள் விடிந்ததும் ஜானிஸ் தன் சின்னக் காரை எடுத்தாள். இக்னேஷியஸ் முன்னால் உட்கார்ந்தார். கருவியை மடியில் வைத்துக்கொண்டு, சாட்சியாக விஜயன் பின்னால் ஏறிக்கொண்டான். பிளாஸ்டிக் பையில் இருந்த சிகரெட் சான்றுப் பொருள் என்பதால் அதைத் தொடக் கூடாது. ஆகவே வழியில் ஒரு கடையில் ஜானிஸே இறங்கிப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக வாங்குகிறாள். கடைக்காரர் என்ன பிராண்டு என்று கேட்டதற்கு, “ரொம்ப கெடுதலா ஒண்ணு குடுங்க” என்றாளாம்.

“இங்கயே ஓரமா நிறுத்தும்மா. கோட்டைத் தாண்டிட்டோமே,” என்றார் இக்னேஷியஸ்.

“முடியாது அங்கிள். போன மாசம் விதியை மாத்திட்டாங்க. நம்ம சிகிச்சையில இருக்கறவங்க, மருத்துவமனை கண்ணுக்குத் தெரியற இடத்துல புகைக்கக் கூடாது.”

பாயு சுச்சி பதினெட்டு மாடி. உச்சியில் பகலிலும் எரியும் நான்கு பச்சை நுரையீரல்கள். அவர்கள் பாசார் பக்கம் போனார்கள். மீன் கடைகளுக்கு மேலே நுரையீரல் தெரிந்தது. ஆற்றைத் தாண்டினார்கள், பாலத்திலிருந்து இன்னும் நன்றாகத் தெரிந்தது. கம்பம் எனப்படும் ஒரு மலாய்க் கிராமத்துக்குள் நுழைந்து வாழை மரங்களுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இக்னேஷியஸ் சிகரெட்டை வாயில் வைத்தார். காற்று அடித்து வாழை இலை விலகியது. “தெரியுது அங்கிள், தெரியுது!” என்று விஜயன் கத்தினான். மறுபடியும் காரில் ஏறினார்கள்.

“இப்போ போனா நேரத்துக்குத் திரும்பிடலாமா?” என்று இக்னேஷியஸ் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். காப்பார் சாலையில் கண்டெய்னர் லோரிகள் வரிசையாக நின்றன. அந்த லோரிகளுக்கு நடுவே நகரவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் கார் மாட்டிக்கொண்டது. அவர் கைபேசியை எடுப்பார், பார்ப்பார், பையில் போடுவார், உடனே எடுப்பார். பஸ் ஓட்டுபவரின் வலது கால் காலியான இடத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் ஒரு கண்டெய்னர் கிடங்கு கிடைத்தது. மூன்று அடுக்கு இரும்புப் பெட்டிகளுக்குப் பின்னால் வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஜானிஸே தீப்பெட்டியை உரசினாள். காற்றில் இரண்டு குச்சி அணைந்தது. மூன்றாவதை விஜயன் தன் பச்சைத் தொப்பியால் மறைத்துக் கொடுத்தான்.

முதல் இழுப்பில் இக்னேஷியஸுக்கு இருமல் பொங்கியது. கண்ணீர் வந்தது. ஊதினார். கருவி நான்கு காட்டியது.

“பத்தாது அங்கிள். நல்லா உள்ள இழுங்க. நெஞ்சுக்குள்ள வச்சிருங்க,” என்று புகைவிடு ஆலோசகர் கெஞ்சினாள்.

இரண்டாவது சிகரெட்டில் ஒன்பது வந்தது. அதன் பாதியில் இருமல் நின்றுவிட்டது. அவருக்கே அது தெரிந்தது, தெரிந்ததும் பயந்துபோனார். மூன்றாவதை அவர் கை தானாகவே எடுத்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே விரல்களுக்கு நடுவே அது சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது.

கருவி இருபத்திரண்டு காட்டியபோது ஜானிஸும் விஜயனும் கைதட்டினார்கள். அதே நேரத்தில் கைபேசி அடித்தது. வார்டிலிருந்து நர்ஸ்.

“அங்கிள், எங்க இருக்கீங்க? முன்னாடி இருந்த கேஸ் தள்ளிப் போயிருச்சு. ஆன்டியை இப்போ கூட்டிட்டுப் போறோம். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

“நிறுத்துங்கம்மா. தோ வந்துட்டேன். அவகிட்ட ஃபோனைக் குடுங்க.”

“லிஃப்டுக்குள்ள போயிட்டாங்க அங்கிள்.”

திரும்பும் வழியில் லோரிகள் அப்படியே நின்றன. ஒரு கட்டத்தில் இக்னேஷியஸ் கதவைத் திறந்து இறங்கி, லோரிகளுக்கு இடையே கொஞ்ச தூரம் ஓடினார். பிறகு காரே வேகமாகப் போகும் என்று தோன்றித் திரும்பி வந்து ஏறிக்கொண்டார். மருத்துவமனை வாசலில் கார் நிற்பதற்கு முன்பே குதித்து, லிஃப்டில் ஏறி, ஆபரேஷன் மாடியில் போய் நின்றார். கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. கதவில் பொருத்தியிருந்த கருவி அவரை மோப்பம் பிடித்து, இனிமையான பெண் குரலில், “உங்கள் உடலில் புகை உள்ளது. அன்புகூர்ந்து கீழே காத்திருக்கவும்” என்றது. மலாயிலும் சொன்னது. அங்கிருந்த காவலர் ஒருவர் அவரைத் தோளைப் பிடித்து, மெதுவாக, மரியாதையாக, தரைத் தளத்தில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே அவர் உட்காரவில்லை. ஆபரேஷன் முடியும்வரை மீன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

மத்தியானம் சர்ஜன் முகுந்தன் இறங்கி வந்தார். “முழுசா எடுத்தாச்சு. அங்கேயே டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டோம். பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல,” என்றார். இக்னேஷியஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டரின் மூக்கு லேசாக விரிந்தது.

சாந்தமேரி கண் விழித்தபோது அவர் கட்டில் பக்கத்தில் இருந்தார். சட்டை மாற்றியிருந்தார். நான்கு முறை வாய் கொப்பளித்திருந்தார். அவள் அவரைப் பார்த்தாள், மூச்சை ஒருமுறை இழுத்தாள்.

“கதவுகிட்ட நீங்க இல்ல.”

“மேரி, அது வந்து...”

“சிகரெட் குடிச்சீங்களா?”

நடந்ததை அவர் சொல்லத் தொடங்கினார். கண்டெய்னர், வாழை இலை, இருபத்திரண்டு என்று சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது நம்பும்படியாக இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டார். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் அவரோடு பேசவில்லை. அவரும் வார்டை விட்டு நகரவில்லை. அதனால் சிகரெட்டைத் தொடவும் இல்லை. ஆனால் மீதிப் பெட்டி அவர் பையிலேயே இருந்தது. எறியப் போனபோது, புகையிலைப் பொருட்களை வளாகத்துக் குப்பைத் தொட்டிகளில் போடக் கூடாது என்று துப்புரவுப் பெண் தடுத்துவிட்டாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளில்தான் விழா வைத்தார்கள். தணிக்கைக் குழுவினர் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். திரையில் ஒரு வரைபடம் காட்டப்பட்டது. மேட்டுக்குக் கீழே ‘முன்’ என்று எழுதியிருந்தது. பள்ளத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இக்னேஷியஸ் மேடையில் ஏறி ஊதினார். கருவி ஒன்று காட்டியது. அரங்கமே எழுந்து நின்றது.

“ஒரே வாரம்!” என்றார் டத்தோ சுகுமாறன் மைக்கில். “இருபத்திரண்டிலிருந்து ஒன்று! சிலர் என்னைக் கேட்கிறார்கள், டத்தோ, இந்த மருத்துவமனைக்கு வராமல் இருந்திருந்தால் இந்த மனிதர் என்ன ஆகியிருப்பார் என்று. அதை நினைத்துப் பார்க்கவே எனக்கு மனம் வரவில்லை.”

பிறகு, புகையால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சார்பில் பேசும்படி, சக்கர நாற்காலியில் இருந்த சாந்தமேரியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் வாங்கினாள். இருபத்திரண்டு என்று கேட்டதுமே, அவர் பாதியில் நிறுத்திய கதை அவளுக்கு நினைவுக்கு வந்திருந்தது. 

“இவரு பதினோரு வருஷமா தொடல. எனக்காக விட்டாரு. இங்க வந்தப்புறம் நீங்கதான் இவரைக் குடிக்க வச்சீங்க. நான் உள்ள போறப்போ இவரைப் பார்க்க முடியாம பண்ணிட்டீங்க.”

தணிக்கைக் குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் டத்தோவைப் பார்த்தார்கள். டத்தோ நெகிழ்ந்துபோய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: “பதினோரு ஆண்டுகளாக யாராலும் செய்ய முடியாததை இந்த மருத்துவமனை செய்துவிட்டது என்கிறார் அம்மா.”

குழுத் தலைவி கண்களைத் துடைத்துக்கொண்டாள். ஐந்தாவது நுரையீரல் அங்கேயே அறிவிக்கப்பட்டது.

அந்த மேடையில்தான் சாந்தமேரி தன் கணவனை மறுபடி நிமிர்ந்து பார்த்தாள். அவர் சொன்னதெல்லாம் உண்மைதான் என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. காரில் போகும்போது, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் உடம்புக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதிகாலையில் தொழிலாளர்களை இறக்கிவிட்டுக் காலி பஸ்ஸில் தனியாக உட்காரும்போது நெஞ்சு அரித்தது. ஒரு நாள் பையிலிருந்த பெட்டியைத் திறந்தார். அது தீர்ந்தபோது இன்னொன்று வாங்கினார். வீட்டுக்குப் போவதற்கு முன் கோயில் குழாயில் முகம் கழுவுவார். சாந்தமேரி மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருக்கும்.

ஆகவே தையலைக் காட்ட அவளை மறுபடி பாயு சுச்சிக்கு அழைத்துப் போன அன்று, அவளை சர்ஜன் அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, அவர் நேராக இரண்டாம் மாடிக்குப் போனார். ஜானிஸுக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. சுவரில் இக்னேஷியஸ் ஊதும் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அதற்குக் கீழேயே அவர் உட்கார்ந்தார்.

“ஜானிஸ், இப்போ நிஜமாவே பிடிக்கிறேன்மா. விட முடியல. எனக்கு உதவி பண்ணு.”

ஜானிஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். “அங்கிள், சத்தமா சொல்லாதீங்க. நீங்க குணமாயிட்டீங்க.”

“குணமாகலையே.”

“சிஸ்டத்துல குணமாயிட்டீங்க. குணமானவங்களை மறுபடி சேர்க்க முடியாது. நீங்க குணமாகலைன்னு போட்டா ஒரு நுரையீரலைப் பிடுங்கிடுவாங்க.” அவள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தாள். “சாரி அங்கிள். எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல.”

“ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கற மருத்துவமனையில கேட்டுப் பார்க்கவா?”

“அவங்களும் அவங்க வளாகத்துக்குள்ள பிடிபட்டாத்தான் சேர்ப்பாங்க.”

இக்னேஷியஸ் வெளியே வந்தார். சிவப்புக் கோட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிரே இருந்த கடை வரிசைக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு மோட்டார் பட்டறையின் உயரமான தகரக் கூரை, மருத்துவமனையை முழுதாக மறைத்தது. சாக்கடை ஓரமாக இருந்த சந்தில் ஏற்கனவே கூட்டம் இருந்தது. தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகியபடி விஜயன். காலில் சின்னக் கட்டோடு அப்துல் கனி. தணிக்கைக் குழுவில் வந்த ஒருவர். டத்தோவின் டிரைவர். சுவரோரமாக, வெள்ளை கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி சர்ஜன் முகுந்தன். எல்லோர் வாயிலும் புகைந்தது.

“வாங்கண்ணே, வாங்க,” என்று அப்துல் கனி இடம் விட்டார். “அன்னிக்கு உங்களை மாட்டிவிட்டுட்டேன். மன்னிச்சிருங்க.”

“இப்படி ஒரு இடம் இங்கயே இருக்கறப்போ என்னை ஏன் காப்பார் வரைக்கும் கொண்டு போனாங்க?”

“அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?” என்றான் விஜயன். “அது புகைக்காத பொண்ணு லா.”

“நீ சொல்லியிருக்கலாமே தம்பி.”

“சொன்னா நான் இங்க வர்றது தெரிஞ்சிடுமே.”

இக்னேஷியஸ் பற்றவைத்துக்கொண்டார்.  அந்த வளாகத்து மனிதர்களிலேயே நிம்மதியாக மூச்சு விடுபவர்கள் அவர்கள்தான் என்பதுபோல இருந்தது.

அப்போது சந்தின் முனையில் சாந்தமேரி வந்தாள். ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்தாள். சாலையில் லோரிகளுக்கு நடுவே அவள் எப்படிக் கடந்து வந்தாள் என்று தெரியவில்லை. சர்ஜன் அறையில் சர்ஜனும் இல்லை, வெளியே கணவனும் இல்லை என்று தேடி வந்திருக்கிறாள்.

விஜயன் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். தணிக்கை அதிகாரியும் மறைத்தார். டிரைவர் தன்னுடையதைச் சாக்கடையில் போட்டான். அப்துல் கனி கும்பிட வருபவர்போலக் கையைக் குவித்துக்கொண்டார். விரல்களின் இடுக்கில் புகை வந்தது. சாந்தமேரி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து சர்ஜனுக்கு எதிரே நின்றாள்.

“டாக்டர், வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. தூக்கல. காரம் சாப்பிடாதீங்கன்னீங்க. சாப்பிடல. நீங்க சொன்ன எல்லாத்தையும் கேட்டேன்.”

பதில் சொல்ல வாயைத் திறந்தார் முகுந்தன். வாயிலிருந்து முதலில் புகைதான் வந்தது. கையிலிருந்ததைக் கீழே போட்டு மிதித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போட்டு மிதித்தார்கள்.

சாந்தமேரி கணவனிடம் வந்தாள். அவர் மட்டும் மறைக்கவில்லை. மறைக்கத் தோன்றவில்லை.

“முடியல மேரி,” என்றார் மெதுவாக.

“அப்போ மட்டும் எப்படி முடிஞ்சிச்சு? பதினோரு வருஷம் முன்னாடி?”

இக்னேஷியஸ் உண்மையாகவே யோசித்தார்.

“அப்போ எனக்கு யாரும் உதவி பண்ணல,” என்றார்.

சாந்தமேரி அவரையே பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கத் தையல் இழுத்தது. வலி தாங்காமல் குனிந்து, பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்போதும் நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

“ஆன்டி, சிரிக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்,” என்று முகுந்தன் பதறினார்.

இக்னேஷியஸ் சிகரெட்டை எறிந்துவிட்டு அவளைத் தாங்கிப் பிடித்தார். அவளைப் பிடித்திருந்த கையை விடாமல், மற்றக் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. அங்கே ஏற்கனவே, சிகரெட் பெட்டியை இறுகப் பிடித்தபடி, சாந்தமேரியின் கை இருந்தது.